ஆவணப் பிரிவு வேலையை ஏற்பதா, காத்திருப்பதா?

வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தில் பட்டம் பெற்ற தங்களுக்குக் கொழும்புக் கோட்டையில் உள்ள சரக்கு அனுப்பல் நிறுவனமொன்று ஆவணப் பிரிவில் வேலை தருவதாகவும், ஆடைத் துறையில் திட்டமிடல் பதவி கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

பட்டத்துக்கு அது கீழான வேலை என்ற தங்கள் வீட்டாரின் மனக்குறை புரிகிறது. ஆனால் அது சரியன்று. அந்தப் பிரிவு கையாளும் பில் ஒப் லேடிங்கில் (கப்பலில் ஏற்றும் சரக்குக்கான சான்றுப் பத்திரத்தில்) உள்ள எடை பொதிப் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் சுங்க அனுமதி தாமதமாகும். இறக்குமதித் துணி கொள்கலனிலேயே கிடக்க, தாமதக் கட்டணம் ஏற, தையல் வரிசை காத்திருக்க, ஈற்றில் கப்பலில் போகவேண்டிய ஆடைகளை விமானத்தில் அனுப்பி அந்த ஓடரின் இலாபத்தையே இழக்க நேரும். இந்தத் தொடரை நேரில் கண்டு விளக்கத் தெரிந்தவரைத் திட்டமிடல் நேர்முகப் பரீட்சையில் எளிதில் ஒதுக்கமாட்டார்கள்.

துறைமுக முனையங்களுக்கும் விண்ணப்பியுங்கள். கொழும்பில் கையாளப்படும் கொள்கலன்களில் பெரும்பகுதி வேறு நாடுகளுக்குக் கப்பல் மாறிச் செல்பவை என்பதால், கப்பலில் எதை எங்கே ஏற்றுவது, துறைமுகக் கொள்கலன் முற்றத்தில் எங்கே அடுக்குவது என்று திட்டமிடும் பணி அங்கே முக்கியமானது. இரவு முறைவேலைக்கு மட்டும் உடன்பட வேண்டியிருக்கும்.

கையொப்பமிடுமுன், ஓராண்டுக்குப் பின் சுங்க அனுமதி அல்லது விலைகோரல் பிரிவுக்கு மாற்றுவார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஆவண மேசையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட பட்டதாரிகள் பலர்.