கரண்ட் பிளஸிலிருந்து வருகிறதா, மைனஸிலிருந்தா?

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி மாட்ட வந்தவர், "கரண்ட் உண்மையில் மைனஸிலிருந்துதான் கிளம்புது. பிளஸில் இருக்கிற ஃப்யூஸ் சும்மா. மைனஸிலும் ஒன்று போட்டால்தான் பாதுகாப்பு" என்று சொல்லி 1,800 ரூபாய் கேட்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகளின் புத்தகத்தில், கரண்ட் பிளஸிலிருந்து மைனஸுக்குப் போவதாக இருக்கிறது. ஆனால் அவளே, "எலக்ட்ரான் எதிர்ப்பக்கம்தாம்ப்பா போகும்" என்கிறாள். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மகளை நம்புங்கள். 1,800 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

செம்பு ஒயருக்குள் நகர்வது எலக்ட்ரான். பேட்டரியின் மைனஸிலிருந்து இன்வெர்ட்டர் வழியாகப் பிளஸுக்குப் போகிறது. அதுவரை அவர் சொன்னது சரி. புத்தகம் சொல்வதும் தப்பில்லை. 1740-களில் பெஞ்சமின் பிராங்க்ளின் பிளஸ், மைனஸ் என்று பேர் வைத்தபோது எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். அதற்குள் சூத்திரம், மீட்டர், மோட்டாருக்கான இடக்கை விதி எல்லாவற்றையும் பிளஸிலிருந்து மைனஸ் என்றே எழுதி முடித்துவிட்டார்கள். மைனஸ் சரக்கு இந்தப் பக்கம் போனாலும் பிளஸ் சரக்கு அந்தப் பக்கம் போனாலும் கணக்கில் விடை ஒன்றே வருவதால், யாரும் மாற்றி எழுத மெனக்கெடவில்லை.

உங்கள் ஆள் சறுக்கியது 'கிளம்புது' என்ற சொல்லில். பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒயர் காலிக் குழாய் இல்லை. முழுக்க எலக்ட்ரான் நிறைந்தே கிடக்கிறது. சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்ததும் எல்லாக் கண்ணியும் ஒரே நேரத்தில் நகர்கிறது. எந்த இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் நிற்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான் நகரும் வேகம் விநாடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை, எறும்பு முந்திவிடும். ஆனாலும் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது இந்தச் செயினால்தான். ஃப்யூஸ் என்பது செயினில் வேண்டுமென்றே வைத்த பலவீனமான கண்ணி. எந்தத் திசையில் ஓடினாலும் அளவுக்கு மேல் போனால் உருகும்.

அப்படியானால் பிளஸில் ஏன் போடுகிறார்கள்? வண்டியைப் பாருங்கள். மைனஸ் முனையை பாடியோடு சேர்த்திருப்பார்கள். விளக்குக்குப் போகும் பிளஸ் ஒயர் உராய்ந்து பாடியில் பட்டால், கரண்ட் விளக்கைத் தொடாமலே பாடி வழியாகத் திரும்பிவிடும். விளக்கிலிருந்து திரும்பும் ஒயரில் ஃப்யூஸ் வைத்திருந்தால் அது வேடிக்கை பார்க்கும், ஒயர் எரியும். அதனால்தான் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பிளஸில். வண்டி பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ் என்பதும் இதே கதை. மைனஸைக் கழற்றாமல் ஸ்பேனர் பிளஸ் போல்ட்டில் இருக்கும்போது மறுமுனை பாடியில் இடித்தால் தீப்பொறிதான். எலக்ட்ரான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. (மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.)

கூடுதல் ஃப்யூஸ் வீண் செலவு மட்டும் இல்லை, வினையும்கூட. 12 வோல்ட் பேட்டரியில் 600 வாட் லோடு என்றால் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். புது ஃப்யூஸோடு இரண்டு புது ஜாயின்ட் வரும். அதில் ஒன்றை ஒழுங்காக முறுக்காமல் 0.01 ஓம் தடை வந்துவிட்டாலே அந்த இடத்தில் 25 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் அளவு. அதை மரப்பலகைமேல் இரவெல்லாம் வைத்திருப்பீர்களா?

இந்தத் 'திசை' வியாபாரம் பழையது. எங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்தார். நியூட்ரலில் திரும்பிப் போகும் எலக்ட்ரான் வீணாகிறதாம், அவருடைய பிளக் பெட்டி அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புமாம், பில் பாதியாகுமாம். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. எலக்ட்ரான் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. பிடிக்க அங்கே எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்.இ.டி. அந்த எல்.இ.டி. எரிகிற கரண்டும் உங்கள் கணக்கில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் தலைகீழ். அப்போது கரண்ட் பிளஸ் முனைக்குள் நுழைகிறது, மைனஸ் வழியாக வெளியே வருகிறது. எலக்ட்ரான் அதற்கு எதிராக. ஒயரைக் கவ்விப் பிடித்து டி.சி. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரலாம். "பாருங்க, ரிவர்ஸ் ஆகிடுச்சு, பேட்டரி போச்சு" என்று இதைக் காட்டியே புது பேட்டரி விற்றவர்கள் உண்டு. போகவில்லை. கரண்ட் கட் ஆகி பேட்டரியில் ஓடும்போது திசை மாறும், கரண்ட் வந்ததும் மறுபடி மாறும். முனைகளின் பேர் மட்டும் மாறாது: சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் பிளஸ் பிளஸ்தான். பழுதாகியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் லோடு போட்டு வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், குறியைப் பார்க்காதீர்கள்.

மாட்ட வந்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'மரபு மின்னோட்டத்தின் (பிளஸிலிருந்து மைனஸ் என்று புத்தகம் எழுதும் கரண்ட்தான்) திசை யாது?' என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டு, ஒரு பேட்டரியைக்கூடத் தொட விடாமல் பாஸ் போட்டு அனுப்புகிறோம். கம்பியாளர் உரிமம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரும் கேட்பதில்லை.

மகளிடம் இரண்டு பென்சில் செல், ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் வாங்கிக் கொடுங்கள். மூன்றையும் வரிசையாகச் சேர்த்து, எல்.இ.டி.யின் நீளக்கால் பிளஸ் பக்கம் இருந்தால் எரியும், திருப்பினால் எரியாது. சர்க்யூட் படத்தில் எல்.இ.டி.க்குப் போடும் முக்கோண அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவளே சொல்லட்டும். அந்த ஆள் மறுபடி வந்தால், இருக்கிற பிளஸ் ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், இன்வெர்ட்டரோடு வந்த கையேட்டில் எத்தனை போட்டிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.