தெர்மாகோல் எரிமலையும் ஒழுகும் குழாயும்

பிள்ளைகளுக்கு புராஜெக்ட் கொடுத்துப் பாடம் நடத்துவதைப் பற்றி இந்த மாதம் கேட்கலாம் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி புலம்பல், பாதி கோபம். பதில் எழுதும் நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இரண்டு பக்க நியாயமும் தெரியும்.

இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப் போகும்போது என் மகன், “அம்மா, நாளைக்கு புராஜெக்ட் கொடுக்கணும், எரிமலை” என்கிறான். ஸ்டேஷனரி கடைக்கு ஓடி தெர்மாகோல் வாங்கி வந்து பதினோரு மணி வரை நானும் என் கணவரும் வெட்டி ஒட்டுகிறோம். அவன் தூங்கிவிடுகிறான். இதுதான் செயல்திட்ட வழிக் கற்றலா? – ஒரு தாய், திருப்பூர்

இல்லை அம்மா. இதில் எதையாவது கற்றுக்கொண்டது நீங்களும் உங்கள் கணவரும்தான், அதுவும் ஃபெவிகால் காய எவ்வளவு நேரமாகும் என்பதை. இன்னொன்றும் சொல்கிறேன், அந்த எரிமலை பாடமாகவும் தப்பு. சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்குவது அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வருவதால். நிஜ எரிமலையில் பாறைக் குழம்புக்குள் அழுத்தத்தில் கரைந்து கிடக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் மேலே வர வர அழுத்தம் குறைந்து பிய்த்துக்கொண்டு வெளியேறுகின்றன. அது சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பதற்குத்தான் பக்கம். ஆனால் வருடா வருடம் கண்காட்சியில் வினிகர்தான் பொங்குகிறது, நாமும் கைதட்டுகிறோம்.

பாடம் முடிந்தபின் அதை அலங்காரமாகச் செய்து கொண்டுவரச் சொல்வது வேறு. ஒரு கேள்வியை முன்னால் வைத்து, அதற்கு விடை தேடும்போது பாடம் தேவைப்பட்டு உள்ளே வருவது வேறு. இரண்டாவதைத்தான் செயல்திட்ட வழிக் கற்றல் என்கிறோம். சுலபமான சோதனை ஒன்று உண்டு: கடையில் காசு கொடுத்து அதை வாங்க முடியுமென்றால் அது புராஜெக்ட் இல்லை. அடுத்த முறை அவன் கோணல் மாணலாகச் செய்ததையே கொடுத்தனுப்புங்கள். மார்க் குறைந்தால் குறையட்டும், ஆறாம் வகுப்பு மார்க்கை யாரும் பிற்பாடு கேட்பதில்லை.

எட்டாம் வகுப்பில் 42 பேர். போர்ஷன் முடிக்கவே நேரமில்லை. பயிற்சியில் புராஜெக்ட் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. நீங்களாவது சொல்லுங்கள். – ஆசிரியை, தென்காசி மாவட்டம்

டீச்சர், முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘நம் ஊர் மரங்கள்’ என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தேன். முப்பத்தைந்து ஆல்பம் வந்தது. முப்பத்தைந்திலும் அதே வேப்பிலை, அதே புங்கன் இலை, ஒரே கையேட்டிலிருந்து எழுதிய அதே நாலு வரி. சோற்றுப் பசையில் ஒட்டியிருந்ததால் ஒரு வாரத்தில் பூஞ்சை வேறு பிடித்துவிட்டது (அந்தப் பூஞ்சையை வைத்து ஒரு நல்ல பாடம் நடத்தியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை). தப்பு பிள்ளைகளிடம் இல்லை, நான் கேள்வியே கேட்கவில்லை, தலைப்பு மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

ரொம்ப வருஷம் கழித்துச் செய்த ஒன்றுதான் எனக்குச் சரியாக வந்தது. பள்ளிக் குழாயடியில் நாலைந்து குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். “ஒரு நாளைக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் வீணாகிறது?” இவ்வளவுதான் கேள்வி. விடை எனக்கும் தெரியாது, தெரியாது என்பதைப் பிள்ளைகளிடமே சொன்னேன், அதில் அவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம். ஒரு குழுவுக்கு நாலு பேர். உங்கள் 42 பேரையும் அப்படிப் பிரித்தால் பத்துக் குழு வரும், இரண்டில் மட்டும் ஐந்து பேர். ஆறு பேர் எட்டு பேர் என்று வைக்காதீர்கள், இரண்டு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் ஸ்கேலை வைத்துக் கத்திச் சண்டை போடுவார்கள்.

முதல் பீரியட் முழுக்க எப்படி அளப்பது என்ற சண்டையிலேயே போனது, போகட்டும் என்று விட்டேன். ஒருவன் ஒரு நாள் முழுக்க வாளி வைக்கலாம் என்றான். அந்த வாளியை யார் ராத்திரி காவல் காப்பது என்று இன்னொருத்தி கேட்டாள். கடைசியில் பத்து நிமிஷம் டம்ளர் வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம் என்று அவர்களே வந்து நின்றார்கள். பத்து நிமிஷத்தில் 150 மில்லி. மணிக்கு 900 மில்லி, ஒரு நாளைக்கு 21.6 லிட்டர், ஒரே ஒரு குழாயில்! கணக்குப் பாடத்தில் மில்லியை லிட்டராக்க வாரக்கணக்கில் திணறியவர்கள் அன்றைக்குப் போட்டி போட்டுப் பெருக்கினார்கள்.

இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். அடுத்து நடந்ததை எதிர்பார்க்கவில்லை. மதியம் அதே குழாயை அளந்த குழுவுக்கு 110 மில்லிதான் வந்தது. காலையில் அளந்தவர்கள், “நீங்க கீழே சிந்திட்டீங்க” என்கிறார்கள், இவர்கள் இல்லை என்கிறார்கள், அடிதடி வராத குறை. திரும்பவும் அளந்தால் திரும்பவும் காலையில் அதிகம், மதியம் குறைவு. யோசித்துப் பார்த்தால் காலையில் மோட்டார் போட்டு சின்டெக்ஸ் தொட்டி நிறைந்திருக்கும், மதியத்துக்குள் பாதி காலியாகியிருக்கும். ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தில் திரவத்தின் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்று வருகிறதே, அதை நான் அடுத்த மாதம் நடத்துவதாக இருந்தேன். அவர்கள் இப்போதே கேட்டு நின்றார்கள். பாட்டிலில் மேலும் கீழும் துளை போட்டுக் காட்டும் அந்தப் பழைய சோதனையைச் செய்தபோது, எதற்காக இதைச் செய்கிறோம் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழக்கமாக அந்தப் பகுதிக்கு எனக்கு மூன்று பீரியட் ஆகும், அன்றைக்கு ஒன்றில் முடிந்தது.

ஆகவே போர்ஷனுக்கான பதில் இதுதான்: பாடத்துக்கு வெளியே புராஜெக்டைத் தேடினால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. எப்படியும் நடத்தப்போகிற பாடத்தை எடுத்து அதற்குப் பொருத்தமான கேள்வியைக் கண்டுபிடியுங்கள். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியட், எல்லாம் வகுப்பு நேரத்திலேயே, வீட்டுக்கு எதுவும் போகக் கூடாது. தமிழாசிரியர் சம்மதித்தால் குழாயை மாற்றித்தரச் சொல்லி விண்ணப்பம் எழுதுவதை அவர் பாடத்தில் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் பிள்ளைகள் எழுதிய விண்ணப்பத்துக்குப் பிறகு மூன்று குழாய்க்கு வாஷர் மாற்றினார்கள், மற்றவை நான் ஓய்வு பெறும் வரை சொட்டிக்கொண்டுதான் இருந்தன.

குழுவாகச் செய்யும்போது என் பெண் ஒருத்தியே எல்லாவற்றையும் செய்கிறாள், மற்ற மூவருக்கும் அதே மார்க். இது என்ன நியாயம்? – ஒரு தந்தை, கும்பகோணம்

நியாயமே இல்லை. நான் செய்தது இது: ஒவ்வொருவரும் தனியாக ஒரு நோட்டில் அன்றன்று என்ன அளந்தோம், என்ன தப்பானது என்று எழுத வேண்டும், எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன். கடைசி நாளில் குழுவில் யாரை எழுப்புவேன் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், எழுந்தவன் சொல்வதுதான் குழுவின் மார்க். இது தெரிந்த பிறகு உங்கள் பெண்ணைப் போன்றவர்கள் தாங்களே செய்வதை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பார்கள், வேறு வழியில்லை. நோட்டின் மார்க்கும் வாய்மொழி மார்க்கும் சேர்த்துத்தான் வளரறி மதிப்பீடு (அ)வில், அதாவது செயல்பாடுகளுக்கு மார்க் போடும் பகுதியில், போடுவேன். சார்ட் பேப்பர் அழகுக்கு மார்க் கிடையாது.

கணக்குக்கு இதெல்லாம் ஒத்துவருமா? – பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம்

சிலதுக்கு வரும், சிலதுக்கு வராது. இயற்கணித முற்றொருமைக்கு எல்லாம் புராஜெக்ட் தேடி அலையாதீர்கள், பலகையில் நடத்திப் பத்துக் கணக்கு போடவிடுங்கள். புதிதாகக் கற்பவனிடம் அடிப்படையே சொல்லாமல் நீயே கண்டுபிடி என்று விட்டால் அவன் குழம்பத்தான் செய்வான் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை ஒன்று பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். குழாய்க் கதையிலும் அழுத்தத்தை நான்தான் நடத்தினேன், பிள்ளைகள் காற்றிலிருந்து பிடிக்கவில்லை.

அளவியல், விகிதம், சராசரி, புள்ளியியல் இதற்கெல்லாம் மழையை விட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். ஏன் என்று பிள்ளைகளே கன அளவு போட்டுக் கண்டுபிடிக்கட்டும். தண்ணீர் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் மழைமானி ஆயிற்று. அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும், அது மறையும் வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். பாட்டிலின் பக்கங்கள் நேராக இருக்க வேண்டும், இடுப்பு சிறுத்த பாட்டில் வேண்டாம். அப்புறம் பள்ளிக் கூரையை அளக்கச் சொல்லுங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, 100 சதுர மீட்டர் மொட்டை மாடி என்று வைத்தால் 1,40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு லாரித் தண்ணீர். உங்கள் ஊர் மழைக்கு அவர்களே போட்டுப் பார்க்கட்டும். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது, உங்கள் பள்ளியின் குழாய் நிஜமாகவே ஒரு குழிக்குள் போகிறதா, சும்மா சுவரோடு நிற்கிறதா என்று பார்ப்பதும் இதே புராஜெக்டில் சேர்த்திதான்.

இது அமெரிக்காக்காரன் முறை. முன்பு செயல்வழிக் கற்றல் என்று அட்டைகளைக் கொடுத்தார்கள், இப்போது புராஜெக்ட். பெயர் மாறுகிறது, வேறென்ன? – ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மதுரை

ஐயா, பெயர் அங்கிருந்து வந்தது உண்மை. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் சோதனைப் பள்ளி தொடங்கினார், அவர் வழியில் வந்த கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரைதான் புராஜெக்ட் முறையைப் பரப்பியது. ஆனால் 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் நூற்பு முதலான கைத்தொழிலைச் சுற்றித்தானே கணக்கும் மொழியும் வைக்கச் சொன்னார்? 1947இல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கியதும் அந்த நம்பிக்கையில்தான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செயல்வழிக் கற்றலும் இதுவும் ஒன்றில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய அந்த முறையில் பிள்ளை ஏணிப்படியில் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறும், அடுத்த அட்டை எது என்பது முன்பே முடிவானது. புராஜெக்டில் அடுத்த படி எது என்று பிள்ளைகளும் ஆசிரியரும் சேர்ந்து தேட வேண்டும். 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையும் குப்பையையும் ஆராய்ந்து தமிழிலேயே அறிக்கை எழுதிக்கொண்டு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதுதான் முன்மாதிரி.

சாட்ஜிபிடியிடம் கேட்டு அப்படியே எழுதி வந்துவிடுகிறார்களே? – ஆசிரியர், கோவை

‘நீர் மாசுபாடு’ என்று கேட்டால் எழுதித்தரும். உங்கள் குழாயில் இன்று மதியம் எத்தனை மில்லி என்று அதற்குத் தெரியாது.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக எங்கள் ஹெச்.எம். அனுமதி தர மாட்டார். – இடைநிலை ஆசிரியை, அரியலூர்

அவரைக் குறை சொல்ல முடியாது, ரோட்டில் ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். காம்பவுண்டுக்குள்ளேயே விஷயம் கொட்டிக் கிடக்கிறது. சத்துணவில் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது, எந்தக் கிழமை அதிகம், ஏன் என்று இரண்டு வாரம் எடைபோட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை வரைபடம், சராசரி, சத்துகள் என்று மூன்று பாடம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் ஒன்று, சமைக்கும் அம்மா தன் கைப்பக்குவத்தைத்தான் பிள்ளைகள் சோதிக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார், நினைத்தால் மனசு நொந்துபோவார். முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லுங்கள், எந்த நாள் அதிகம் மிஞ்சும் என்று அவரையே முதல் ஆளாகச் சொல்லவிட்டு அதைப் பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும், அதற்கப்புறம் தராசை வெளியே எடுக்கலாம்.