புது விதைப்புல்லும் களைமருந்தும்: கேள்வி பதில்

கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, பெரனியல் ரைகிராஸ் ஆகிய குளிர்ப்பகுதிப் புற்களை மனதில் வைத்துச் சொல்லும் பதில்கள் இவை. அளவுகள் 1,000 சதுர அடிக்கு. டப்பாவிலுள்ள லேபிள் வேறு சொன்னால் லேபிள்படியே செய்யுங்கள்.

எடிசன், நியூஜெர்சி: க்ராப்கிராஸ் என்ற புல்வகைக் களைக்காக ஏப்ரலில் ப்ரோடியமின் என்ற களைத்தடுப்பு மருந்து போட்டேன் சார். மே மாதம் விதை தூவினேன். திட்டுத் திட்டாகத்தான் வருகிறது. விதை மட்டமா?

விதை மேல் பழி போடாதீர்கள். ப்ரோடியமின், பெண்டிமெத்தலின், டைதியோபைர் மூன்றுமே வேர்நுனியில் செல் பிரிவதைத் தடுப்பவை. களை விதை, புல் விதை என்று பேதம் பார்க்காது. முளை வெளியே வரும், வேர் மட்டும் இறங்காது. மேல்மண் காய்ந்ததும் செடி போய்விடும். ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்நுனி தடித்து உருண்டு, பக்கவேர் இல்லாமல் இருந்தால் மருந்தின் வேலைதான்.

போட்ட அளவைப் பொறுத்து 3–4 மாதம், சில சமயம் அதற்கு மேலும் மண்ணில் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி விதைப்பதுதான் செலவு குறைந்த வழி. அவசரமென்றால் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் 3–5 பவுண்டு தண்ணீரில் கலக்கி ஊற்றி, மேல்மண்ணில் கிளறிவிட்டு விதைக்கலாம். அடுப்புக்கரி இதற்கு ஆகாது.

அதே நபர்: விதைக்கிற அன்றே போடக்கூடிய மருந்தே கிடையாதா?

உண்டு. சிடுரான், மீசோட்ரியோன். இரண்டாவதையே அதிகம் சொல்வேன், அகன்ற இலைக் களைகள் பலவற்றையும் பிடிக்கும். 40% திரவம் ஏக்கருக்கு 4–8 திரவ அவுன்ஸ், அதாவது 1,000 சதுர அடிக்கு 2.7 முதல் 5.4 மில்லி. கரண்டியில் அளந்தால் இரட்டிப்பாகிவிடும், சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். விதைத்து மண் மூடியபின், முளைக்கும் முன் அடித்து, தண்ணீர் விடுங்கள். இந்தச் சுற்றுக்கு, மருந்து இலையில் ஒட்ட உதவும் ஒட்டுதிரவம் தேவையில்லை.

இரண்டாம் முறை அடிக்க, முளைத்து 4 வாரம் அல்லது இரண்டு முறை புல் வெட்டுவது, எது பிந்துகிறதோ அதுவரை பொறுங்கள். புல் அங்கங்கே வெளுக்கலாம். பெரும்பாலும் சில வாரத்தில் தேறிவிடும். விதைக் கலவையில் ஃபைன் ஃபெஸ்க்யூ (மெல்லிய இலைப் புல்வகை) நிறைய இருந்தால் இது வேண்டாம், முளைப்பு அடிவாங்கும்.

டாலஸ்: பெர்முடா விதைத்திருக்கிறேன். இதையே போடலாமா?

கூடாது. பெர்முடா நம்ம ஊர் அருகம்புல்தான். மீசோட்ரியோன் அதை வெளுத்துத் தள்ளும், சிடுரானும் ஒத்துக்கொள்ளாது. முளைத்து ஒரு மாதம் ஆனபின் க்ராப்கிராஸ் தெரிந்தால் குயின்க்ளோரக் என்ற மருந்தைப் பாருங்கள்.

கொலம்பஸ், ஒஹாயோ: செப்டம்பரில் விதைத்து மூன்று வாரம். அகல இலைக் களை மண்டிவிட்டது. 2,4-டி, டைகாம்பா கலந்தது அடிக்கலாமா?

இப்போது வேண்டாம். குறைந்தது மூன்று முறை வெட்டியாக வேண்டும். இளம்நாற்றில் வேர் மேலாகவே இருக்கும், மருந்தைச் சிதைக்கும் தெம்பும் குறைவு. இலை முறுகி, வளர்ச்சி நின்றுவிடும். உங்களுடையது கோடைக்களை என்றால் முதல் உறைபனியிலேயே சாகும், காசு செலவழிக்க வேண்டியதில்லை. டான்டிலையன் போன்ற பல்லாண்டுக் களைக்கு மட்டும் பிறகு அடியுங்கள். தலைகீழாக, இந்த மருந்தை அடித்தபின் விதைக்கவும் 3–4 வாரம் விடவேண்டும்.

கொலம்பஸ்: பழைய புல்லை கிளைஃபோசேட் அடித்துக் கொன்றுவிட்டேன். எப்போது விதைக்கலாம்?

தனி கிளைஃபோசேட் என்றால் 7 நாள் போதும். மண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். ஆனால் பாட்டிலின் பின்பக்கம் படியுங்கள். “நீண்டநாள் தடுப்பு” என்று விற்பதில் இமசாபிக் அல்லது இமசாபைர் சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில், இமசாபைர் என்றால் ஒரு வருடம் வரைகூட, எதுவும் முளைக்காது.

ஸ்காபரோ, ரொறன்ரோ: அண்ணை, ஒன்ராறியோவிலை வீட்டுப் புல்லுக்கு உதொண்டும் அடிக்கேலாதே. சோளக் குளூட்டன் போட்டால் சரிவருமோ?

உண்மை, 2009 ஏப்ரல் 22 முதல் அங்கே அழகுக்காக அடிக்கும் களைமருந்துகளுக்குத் தடை. சோளக் குளூட்டன் (மக்காச்சோளப் புரதத்தூள்) கிடைக்கும். ஆனால் அதுவும் முளைக்கும் வேரைத் தடுப்பதுதான், விதைக்கும் பருவத்தில் போட்டால் உங்கள் புல்லும் முளைக்காது. அதற்குப் பதில், ஆகஸ்ட் தொடக்கத்தில் மண்ணைத் தயார்செய்து இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் விடுங்கள். முளைத்த களையை மேலோட்டமாகச் சுரண்டி எடுங்கள். ஆழமாகக் கிளறினால் அடியிலிருக்கும் களைவிதை மேலே வந்துவிடும். பிறகு விதையுங்கள். தப்பிய அகல இலைக் களைக்கு, புல் நன்றாக வேரூன்றியபின், தடையில் வராத இரும்புச்சத்து வகை மருந்தை அந்தக் களைமேல் மட்டும் அடிக்கலாம்.