சந்திர கிரகணம் பார்த்ததை வெண்பாவாக எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக எழுதலாம். ஆனால் எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது) தேடி உட்காராதீர்கள், கண்ணால் பார்த்ததை முதலில் சாதாரணமாக நாலு வரி எழுதி வையுங்கள். கிரகணம் என்றதும் கை பாம்பு, ராகு என்றுதான் போகும். அதை வள்ளுவர் 1146ஆம் குறளிலேயே சொல்லிவிட்டார், அதுவும் நிலவைப் பாட அல்ல: காதலரைக் கண்டது ஒரே ஒரு நாள், அதற்குள் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது, 'திங்களைப் பாம்புகொண் டற்று'. 'கண்டது', 'திங்களை' என்று தொடங்கும் அந்த இரண்டு அடிக்கும் இடையே அதே எழுத்து திரும்ப வரும் எதுகை இல்லை பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

2025 செப்டம்பர் 7 கிரகணத்தைக் கடலூர் சில்வர் பீச்சில், விளக்குக் கம்பங்களைத் தாண்டித் தள்ளிப்போய் உட்கார்ந்து பார்த்தேன். பத்து மணிவாக்கில் விளிம்பில் நிழல் ஏறி, பதினொன்றுக்கு முழுதாக மூடி, அப்புறம் 82 நிமிடம் அப்படியே இருந்தது. மூடினாலும் கறுத்துப்போவதில்லை, பூமியைச் சுற்றியுள்ள காற்று வெயிலின் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை நிழலுக்குள் வளைத்து அனுப்புவதால், புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தின் நிறம் வந்துவிடும். அதைவிட எனக்கு மனதில் நின்றது கீழே நடந்ததுதான். பௌர்ணமியில் வெளேரென்று கிடந்த மணல் மங்கி, அலை நுரைகூடத் தெரியாமல், இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்:

வெண்ணிலவு செம்பாக வெண்மணலும் மங்கியபின்
கண்ணறியா தார்க்கும் கடல்.

கடைசி அடியைப் பிரித்தால் 'கண்ணறியாது ஆர்க்கும் கடல்', அதாவது கண்ணுக்குத் தெரியாமல் இரைகிற கடல். வெண்பா இலக்கணமும் சரியாக அமைந்தது: காய்ச்சீர் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்) எல்லாவற்றுக்கும் அடுத்து நேரசை வருகிறது, 'தார்க்கும்' மாச்சீர் (நேரசையில் முடியும் ஈரசைச் சீர்) என்பதால் அடுத்து நிரையசை, அதுவே 'கடல்' என்று மலர் வாய்பாட்டில் (ஒரே நிரையசையில்) முடிந்துவிட்டது. மனதில் இருந்தது 'தெரியாமல்'தான், எதுகைக்காகக் 'கண்ணறியாது' ஆனது, பொருள் கெடவில்லை என்பதால் வைத்துக்கொண்டேன். 'தானே', 'அன்றோ', 'ஆங்கே' போட்டு ஓட்டையை அடைக்கத் தோன்றினால் அந்த அடியையே கலைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கிரகணம் பிடித்தது முதல் விட்டது வரை எல்லாமே வேண்டுமென்றால் இப்படி இரண்டடிக் குறள் வெண்பாவில் இடம் பத்தாது, அடிக்கு ஆறு சீர் வரும் அறுசீர் விருத்தத்துக்குப் போங்கள், நாலு அடியில் நிதானமாகச் சொல்லலாம். 2028 டிசம்பர் 31 இரவு நம் பக்கம் முழுக் கிரகணம் தெரியும், பத்து மணிக்கு முன்பே மூடிவிடும். புத்தாண்டுக் கூட்டம் பீச்சில் நெரியும், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.