"முதலில் ஊசியை விட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினால்?

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. கணவர் பழக்கிவிட்டதால் ஹெராயின் ஊசி போடுகிறாள். இப்போது விட வேண்டும் என்கிறாள். போதை சிகிச்சை மையத்தில் எச்.ஐ.வி. பற்றிக் கேட்டால், "அது எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கேட்டால், "முதலில் ஊசியை விட்டுவிட்டு வரட்டும்" என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ஒன்று கேளுங்கள்: அடுத்தவர் பயன்படுத்திய ஊசியை அவள் கடைசியாகப் போட்டுக்கொண்டது எப்போது? 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 28 நாள் சாப்பிடும் அவசரத் தடுப்பு மாத்திரை இருக்கிறது. நேரம் தாண்டினால் அது உதவாது.

நீங்கள் கேட்ட தடுப்பு மாத்திரை வேறு, ஊசி போடுகிற காலத்தில்தான் அது அதிகம் தேவை. அதை விட்ட பிறகு வரச் சொல்வதில் என்ன அர்த்தம்? இரண்டு சிகிச்சைக்கும் இரண்டு கட்டடம், இரண்டு சீட்டு, இரண்டு வரிசை என்று வைத்திருப்பவர்களின் வசதி அது. ஒரே ஜன்னலில் இரண்டையும் கொடுக்க முடியும், கொடுக்கிற இடங்களும் உண்டு. மற்ற இடங்களில் ஏன் மனசு வரவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பெண்களுக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. பெரும்பாலும் ஊசி கணவர் கையில் இருக்கும். அவர் போட்ட பிறகு, அதே ஊசி மனைவிக்கு. ஆணுறை வேண்டுமா என்று முடிவு செய்வதும் அவர்தான். அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் உங்கள் தங்கை தானே எடுத்துக்கொள்ளக்கூடியது பிரெப் எனப்படும் தடுப்பு மாத்திரை. முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனையில் உறுதியாக வேண்டும், சிறுநீரகத்தையும் மஞ்சள் காமாலை பி-யையும் பார்க்க வேண்டும். அப்புறம் தினமும் ஒன்று. முழுப் பாதுகாப்புக்கு மூன்று வாரம் வரை ஆகலாம். "உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முறை பெண்களுக்கானது அல்ல. மாத்திரை சாப்பிட்டாலும் ஊசி புதிதாகவே இருக்கட்டும். மஞ்சள் காமாலை சி-யை பிரெப் தடுக்காது.

போதைக்கு, ஹெராயினுக்குப் பதிலாக புப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோன் கொடுக்கும் மாற்று மருந்து சிகிச்சை. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வந்த கணக்குப்படி, இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பிரெப் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாம், இரண்டும் மோதிக்கொள்ளாது.

இனி, நான் யாரிடமும் சொல்லாமல் விடாத எச்சரிக்கை. "ஏழே நாளில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறோம்" என்று ஏஜெண்ட் ஒருவர் கட்டாயம் உங்களைத் தேடி வருவார். ஆள் பிடித்துக் கொடுத்தால் அவருக்குக் கமிஷன். முன்பணம் வாங்கிப் பூட்டிவைப்பார்கள், போனைப் பிடுங்குவார்கள், கையிலிருக்கும் பிரெப் மாத்திரையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேட்காமல் ரத்தம் எடுத்து, முடிவைக் குடும்பத்துக்குச் சொல்கிற இடங்களும் உண்டு. வெளியே வந்தவள் பழைய அளவிலேயே ஒரு ஊசி போட்டால் உயிர் போய்விடலாம், ஏனென்றால் அதைத் தாங்கும் சக்தி உடம்பில் குறைந்திருக்கும். ஹெராயின் அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்தான நாலாக்சோன் கிடைக்குமானால் வாங்கி, எப்படிக் கொடுப்பது என்று கற்று, வீட்டில் வையுங்கள். மூச்சு தடுமாறும்போது உயிரைக் காப்பது அதுதான்.

அவள் கர்ப்பமாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஹெராயின் பழக்கத்தில் மாதவிலக்கு நின்றுபோவதுண்டு, அதனால் கர்ப்பமானதே தெரியாமல் போகும். சிகிச்சை தொடங்கியதும் மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருத்தரிக்கவும் செய்யலாம். ஆகவே முதல் நாளே கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் என்றால் குழந்தைக்காக என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். திடீர் நிறுத்தம் பழைய ஊசிக்கே அவளைத் திருப்பிவிடும், அது கருவுக்கும் ஆபத்து. மாற்று மருந்தைத் தொடர வேண்டும். கர்ப்பம் முற்ற முற்ற மெத்தடோன் அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம், பயப்பட வேண்டாம். பிறந்த குழந்தைக்கு, மருந்து நின்றுபோவதால் சில நாளோ சில வாரமோ தவிப்பு இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. பிரெப் மாத்திரையையும் கர்ப்பத்தில் தொடரலாம்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாற்று மருந்து தருகிறீர்களா, அவளுடைய மற்ற மாத்திரைகளை உள்ளே அனுமதிப்பீர்களா? பதில் இழுத்தால் அடுத்த இடத்துக்கு போன் போடுங்கள்.