வீட்டு ரவுட்டரில் உள்ள ‘கியூஓஎஸ்’ என்றால் என்ன? அதை எப்படி அமைப்பது?

கியூஓஎஸ் எனப்படும் சேவைத்தர அமைப்பு, இணைப்பில் நெரிசல் ஏற்படும்போது எந்தத் தரவுப் பொட்டலம் (இணையத்தில் செல்லும் தரவின் சிறு துண்டு) முதலில் செல்ல வேண்டும், எது சற்றுக் காத்திருக்கலாம் என்று ரவுட்டர் தீர்மானிக்கும் ஏற்பாடு. பொட்டலம் எந்த வழியாகப் போகும் என்பதை ரவுட்டிங் முடிவு செய்கிறது. அந்த வழியில் யார் முந்துவது என்பதை கியூஓஎஸ் முடிவு செய்கிறது.

இதன் தேவை பெரும்பாலும் பதிவேற்றத்தில்தான் தெரியவரும். 10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்) பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில், கைபேசி புகைப்படங்களை கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கையில் மோடத்தில் 1 மெகாபைட் (8 மெகாபிட்) தரவு தேங்கிவிட்டால், அதன்பின் வந்து சேரும் குரல் பொட்டலம் ஏறக்குறைய 0.8 விநாடி காத்திருக்க நேரிடும்; உரையாடல் இயல்பாக அமைய ஒருவழித் தாமதம் 0.15 விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை. குறுகிய பாலத்தில் மணல் லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய ஆம்புலன்ஸின் நிலை இது. பாலத்தை அகலப்படுத்த முடியாவிட்டாலும், அதன் முனையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் ஆம்புலன்ஸை முதலில் விடலாம்.

அமைக்கும்போது பலரும் தவறவிடுவது வேக வரம்பு. அளந்த வேகம் 10 எனில், ரவுட்டரில் 9 என்று சற்றுக் குறைத்தே இட வேண்டும்; இல்லையெனில் வரிசை மோடத்தில் உருவாகும், அங்கே ரவுட்டரின் விதிகள் செல்லாது. ரவுட்டர்களுக்கான திறந்தமூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியில் கிடைக்கும் ‘கேக்’ முறை, ஒவ்வொரு செயலிக்கும் தனி விதி எழுதாமலே இணைப்பைப் பகிர்ந்தளிப்பதால், வீடுகளுக்கு அதுவே போதும் என்பேன்.

கியூஓஎஸ் இணைய வேகத்தைக் கூட்டும் என்ற எண்ணம் தவறு. மேற்சொன்ன வரம்பினால் வேகச் சோதனையில் எண் சற்றுக் குறைந்தே தெரியும்.