கோச் சொன்னால் கேட்கிறாள், நான் சொன்னால் அழுகிறாள்

கேள்வி: என் ஒன்பது வயது மகள், இறகுப்பந்து கோச் சொன்னால் ஒரே அடியை இருபது தடவைகூடச் சலிக்காமல் அடிக்கிறாள். நான் கணக்கு சொல்லிக்கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் அழுகை. நானும் கோச் மாதிரி கண்டிப்பாக இருக்க வேண்டுமா? விரல் ரேகையை வைத்துத் திறமையைக் கண்டுபிடித்து, 'சாம்பியன் மனநிலை' பயிற்சி தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். விரல் ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. அதற்கும் கணக்கு வருவதற்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை தருவார்கள், அதைக் காட்டியே அடுத்த வகுப்பையும் விற்பார்கள். குழந்தை படிக்கவில்லையே என்ற உங்கள் பயம்தான் அவர்களுடைய முதலீடு.

கோச் சொல்வதை உங்கள் மகள் கேட்பது, அவர் கண்டிப்பானவர் என்பதால் அல்ல. அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்கிறார், அதனால் கேட்கிறாள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வென்றவர் ஜான் வுடன். 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் பேசியதையெல்லாம் வகைபிரித்து எண்ணினார்கள். முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற விவரம். பாராட்டு ஏழு சதவீதம்கூட இல்லை, அதிருப்தியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். காலில் கொப்புளம் வராமல் இருக்க, சாக்ஸைச் சுருக்கமில்லாமல் போடுவது எப்படி என்றுகூடக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இனி உங்கள் வீட்டு மேசைக்கு வருவோம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறாள் என்று வையுங்கள். "கவனமே இல்லை" என்றால் அவளுக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடன் வாங்கியதும் 5-ஐக் குறைக்க மறந்திருக்கிறாள், அவ்வளவுதான். "கடன் வாங்கினதும் 5-ஐ அடித்துவிட்டு மேலே 4 எழுது" என்று சொல்லி, உடனே அதே மாதிரி இன்னும் இரண்டு கணக்கு கொடுங்கள். அன்றைக்கு அந்த ஒரு திருத்தம் போதும். கையெழுத்து, உட்காரும் விதம், போன பரீட்சை மார்க் எதையும் இழுக்காதீர்கள். அழுகை வருவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

இதைப் பள்ளிக்கூடமே செய்திருக்க வேண்டும். அங்கேயோ ரிப்போர்ட் கார்டில் "இன்னும் கவனம் தேவை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது. போதாததற்கு, விளையாட்டுப் பீரியடையும் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்கிறார்கள். அவள் தவறு செய்து, திருத்தி, முன்னேறுவதைத் தன் கண்ணாலேயே பார்க்கும் ஒரே இடம் அதுதான்! மார்க் குறைந்தால் விளையாட்டை நிறுத்துவேன் என்று நீங்களும் மிரட்டிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாரக்கணக்கில் இப்படிச் செய்தும் எண்கள் இடம் மாறுகின்றன, கரும்பலகையில் இருப்பதைத் தப்பாக எழுதுகிறாள், வாசிக்கவும் திணறுகிறாள் என்றால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். கணுக்கால் வீங்கியவளை எந்த நல்ல கோச்சும் ஓடவிட மாட்டார். முதலில் கண், அப்புறம் காது. இரண்டும் சரி என்றால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று, குழந்தைகளைப் பரிசோதிக்கத் தகுதி பெற்ற உளவியலாளரிடம் காட்டுங்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள், பள்ளியே சொன்னாலும். அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு நகலை வகுப்பாசிரியரிடம் எழுத்துபூர்வமாகக் கொடுத்து, தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள்.